மறுப்பும் மறுபுறமும் ஒப்பீடும்

தமிழாசிரியர், தெஹியோவிட்ட

பேசுகின்றவனுக்கு முகமுண்டு, கையுண்டு, குரலின் ஏற்றத்தாழ்வும் உண்டு. அவன் ஒரு சொல்லைப் பிழைபடக் கூறினும், கேட்பவன் அவன் முகத்தை நோக்கிக் கருத்தைத் தெளிந்துகொள்வான். எழுதுகின்றவனுக்கு இவற்றுள் ஒன்றும் துணையில்லை. அவன் எழுதிய தாள் அவனை விட்டுப் பிரிந்து, அவன் கண்டறியாத ஓர் அலுவலகத்தின் மேசைமீது தனித்துக் கிடக்கும். அங்கே அவன் பொருட்டு வழக்குரைப்பன அவன் எழுதிய சொற்களே. அச்சொற்களுள்ளும், ஒரு வாக்கியத்தை மற்றொரு வாக்கியத்தோடு உறவுபடுத்தும் சிறு தொடர்களே கருத்தைப் பெரிதும் காப்பன. பிழைபட்டால் பெரிதும் கெடுப்பனவும் அவையே.

ஆங்கில உரைநடையில் எதிர்நிலையைக் காட்டும் வினையடைத் தொடர்கள் பல உள. அவற்றுள் நம் மாணவர் பெரிதும் இடர்ப்படுவன மூன்று: 'ஒன் த கொன்ட்ரறி', 'ஒன் தி அதர் ஹான்ட்', 'இன் கொன்ட்ராஸ்ட்' என்பன. இம்மூன்றுக்கும் மாணவர் தம் குறிப்பேடுகளில் எழுதிவைத்திருக்கும் தமிழ்ப்பொருள் பெரும்பாலும் ஒன்றே. அது 'மாறாக' என்பது. பொருள் ஒன்றேயாயின் எதை எங்கே இட்டாலும் குற்றமில்லை என்று அவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. இந்நோயின் வேர் ஆங்கில வகுப்பில் இல்லை, தமிழ் வகுப்பிலேயே உள்ளது என்பது எனது கருத்து. அதனாலேயே தமிழாசிரியனாகிய யான் நமது கல்லூரியின் விழா மலரில் இப்பொருள் பற்றி எழுத முற்பட்டேன்.

முதற்கண் இம்மூன்று தொடர்களின் இயல்பையும் நோக்குவோம்.

'ஒன் த கொன்ட்ரறி' என்பது மறுப்புக்கு உரியது. முன்னே ஒரு கருத்து நிற்கும். அது பிறர் கூறியதாக இருக்கலாம். எழுதுவோன் தானே எடுத்துக்கூறி 'அன்று' என விலக்கியதாகவும் இருக்கலாம். அக்கருத்தைத் தள்ளி, அதற்கு நேரெதிரான உண்மையை நாட்டுவதே இத்தொடரின் தொழில். 'தோட்டத்துப் பிள்ளைகள் படிப்பில் நாட்டமில்லாதவர்கள் என்று சிலர் கூறுவர். ஒன் த கொன்ட்ரறி, அவர்களுட் பலர் மழையிலும் மலைப்பாதையில் நடந்து பள்ளிக்கு வருகின்றனர்.' இங்கே முன்னைக் கூற்று வீழ்கின்றது. பின்னைக் கூற்று நிற்கின்றது. இரண்டும் ஒருசேர நிற்றல் இயலாது.

'ஒன் தி அதர் ஹான்ட்' என்பது மறுபுறத்தைக் காட்டுவது. கை என்பது ஈண்டுப் பக்கத்தைக் குறிக்கும். நாம் 'வலக்கைப் பக்கம்', 'இடக்கைப் பக்கம்' என்று வழி சொல்வது போல. ஒரு பொருளை இரண்டு பக்கமும் வைத்து நிறுக்கும்போது இத்தொடர் வரும். 'அவிசாவளையிலிருந்து கொழும்புக்குப் புகையிரதத்திற் செல்வது செலவு குறைந்தது. ஒன் தி அதர் ஹான்ட், அதற்கு நேரம் மிகுதியாக வேண்டும்.' இங்கே எதுவும் வீழவில்லை. செலவு குறைவு என்பதும் உண்மை. நேரம் மிகுதி என்பதும் உண்மை. இரண்டையும் எண்ணிப் பார்த்து முடிவுசெய்க என்று எழுதுவோன் வாசிப்போனை வேண்டுகின்றான்.

'இன் கொன்ட்ராஸ்ட்' என்பது ஒப்பீட்டுக்கு உரியது. 'கொன்ட்ராஸ்ட்' என்னும் சொல் எதிரே நிற்றல் எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களினின்றும் பிறந்தது. வெவ்வேறான இரு பொருள்களை எதிரெதிரே நிறுத்தி வேற்றுமை காட்டும்போது இது வரும். 'கேகாலை மாவட்டம் தென்மேற்குப் பருவக்காற்றினாற் பெருமழை பெறுகின்றது. இன் கொன்ட்ராஸ்ட், யாழ்ப்பாணம் தன் மழையிற் பெரும்பகுதியை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெறுகின்றது.' இங்கே பேசப்படும் இடங்கள் இரண்டு. அவற்றின் இயல்பும் இரண்டு. இரண்டு கூற்றும் உண்மை. இத்தகைய இடங்களில் 'ஒன் தி அதர் ஹான்ட்' என்று எழுதினும் ஆங்கிலேயர் ஏற்பர். ஆனால் 'ஒன் த கொன்ட்ரறி' என்று எழுதினால் ஏலார். என்னை? யாழ்ப்பாணத்தின் மழைக்காலம் வேறாவதனாற் கேகாலையின் மழை பொய்யாகிவிடாதன்றோ!

சுருங்கக் கூறின், மறுப்பில் ஒன்று வீழ ஒன்று நிற்கும். மறுபுறத்தில் ஒரு பொருளின் இருபக்கமும் நிற்கும். ஒப்பீட்டில் இருபொருள்கள் எதிரெதிரே நிற்கும். இவ்வளவே. பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய இவ்வேற்றுமை, உயர்தர வகுப்பை முடித்து வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞனிடத்தும் காணப்படாமை வருந்தத்தக்கது.

'எனக்கு இத்தொழிலில் அனுபவம் இல்லை. ஒன் த கொன்ட்ரறி, கற்றுக்கொள்ள விருப்பமுண்டு' என்று ஒருவன் எழுதுகின்றான் என வைத்துக்கொள்வோம். அனுபவம் இல்லை என்பதன்பின் அத்தொடரைக் கண்ட அதிகாரி, 'அனுபவம் இல்லாமை மட்டுமன்று, அதற்கு நேரெதிரான ஒன்று உண்டு போலும்' என்று தேடுவார். வருவதோ விருப்பம். விருப்பம் அனுபவத்துக்கு எதிரன்று. அவன் கூற எண்ணியது நல்ல கருத்தே. 'அனுபவம் இல்லை என்பதை ஒப்புகின்றேன். ஆயினும் விருப்பம் உண்டு என்பதையும் எண்ணுக' என்பதே அது. அதற்கு உரியது 'ஒன் தி அதர் ஹான்ட்'. எளிமையாக 'பட்' என்றாலும் போதும்.

இதனினும் கடிய தீங்கு விளையும் இடம் ஒன்றுண்டு. ஒரு தோட்டத்தின் லயன் அறைகளின் கூரைகள் யாவும் செப்பனிடப்பட்டுவிட்டன என்று நிருவாகம் கடிதம் எழுதுகின்றது எனக் கொள்வோம். ஒரு கூரையும் தொடப்படவில்லை. அங்குள்ள தொழிலாளர், படித்த ஓர் இளைஞனிடம் சென்று ஆங்கிலத்தில் மறுமொழி எழுதித் தருமாறு கேட்கின்றனர். அவன் எழுதவேண்டியது: 'கூரைகள் செப்பனிடப்பட்டன என்று எழுதியிருக்கின்றீர்கள். ஒன் த கொன்ட்ரறி, இன்றுவரை ஒரு தகரமும் மாற்றப்படவில்லை' என்பது. அவன் அவ்விடத்தில் 'ஒன் தி அதர் ஹான்ட், மழைநீர் உள்ளே வருகின்றது' என்று எழுதிவிட்டால் யாது நிகழும்? செப்பனிட்டது உண்மைதான் என்று அவன் ஒப்புக்கொண்டவனாகின்றான். ஒப்புக்கொண்டபின் வேறொரு குறையை எடுத்துரைக்கின்றான். கடிதத்தை வாசிப்பவர், 'வேலை நடந்துள்ளது. சிறு குறை எஞ்சியுள்ளது' என்று குறிப்பெழுதிக் கோவையை மூடிவைக்கலாம். நான்கு சொற்களால் ஆகிய ஒரு தொடர், ஒரு லயனில் வாழும் அத்தனை குடும்பங்களின் வழக்கையும் கைவிட்டுவிட்டது. எழுதியவனுக்கு நோக்கம் நல்லது. மொழியறிவும் ஓரளவு உண்டு. தான் செய்வது மறுப்பா, மறுபுறம் காட்டலா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் பழக்கமொன்றே இல்லை.

எழுதிய தாளின் வலிமையை நம் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயரால் விண்ணப்பங்கள் எழுதப்பட்டன. அவர்களுள் ஏற்கப்பட்டோர் ஏறக்குறைய 134,000 பேரே. அவ்விண்ணப்பங்கள் தள்ளப்பட்டமைக்கு மொழிப்பிழையே காரணம் என்று யான் கூறவில்லை. காரணம் அரசியலும் சட்டத்தின் இறுக்கமுமே. ஆயினும், தாளில் உள்ளதே உண்மை எனவும் தாளில் இல்லாதது இல்லை எனவும் கொள்ளப்பட்டதனால் துன்புற்ற ஒரு சமுதாயம், தன் பிள்ளைகளைச் செவ்வையாக எழுதப் பழக்குவதில் மற்றெவரினும் கருத்தூன்ற வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அரசுக்குத் தமிழில் எழுதும் உரிமை நமக்கு உண்டு. அதனை நாம் விடாது கையாளவும் வேண்டும். எனினும் 1992இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. கம்பனிகளுக்கும் வங்கிகளுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் எழுதுங்கால் ஆங்கிலம் வேண்டப்படுதலை மறுத்தற்கில்லை.

நிற்க. இவ்வேற்றுமையைக் கற்பிக்கத் தமிழ் வகுப்பில் இடமுண்டோ எனின், தாராளமாக உண்டு. நம் இலக்கண நூலார் எதிர்நிலைகளை வகுத்தறிவதில் எவர்க்கும் பின்னிட்டவரல்லர். ஓகார இடைச்சொல் ஒன்றுக்கே தொல்காப்பியர் ஆறு பொருள் கூறினார். நன்னூலார் எட்டுப் பொருள் கூறினார். எதிர்மறையும் பிரிநிலையும் ஒழியிசையும் இருவர் நூலிலும் வெவ்வேறாகவே எண்ணப்படுகின்றன. ஓர் எழுத்தாலாகிய இடைச்சொல்லைக்கூட எல்லாவிடத்தும் ஒரே பொருளினது என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

'அன்று' என்பதும் 'இல்லை' என்பதும் வேறு என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். 'அது பொன் அன்று' எனின் பொருள் உண்டு, அது பொன்னாதலே மறுக்கப்படுகின்றது. 'அங்கே பொன் இல்லை' எனின் பொருளின் இருப்பே மறுக்கப்படுகின்றது. இந்த நுட்பத்தை உணரும் பிள்ளைக்கு மறுப்புக்கும் மறுபுறத்துக்கும் உள்ள வேற்றுமை எட்டாக் கனியாகுமோ?

இன்னும், நன்னூலின் பொதுப்பாயிரத்தில் எழுவகை மதங்கள் கூறப்படுகின்றன. பிறர் கருத்துக்கு உடன்படுதல் ஒன்று. அதனை மறுத்தல் ஒன்று. முதலில் உடன்பட்டுப் பின்னர்க் களைதல் மற்றொன்று. நூல் எழுதுவோன் பிறர் கருத்தின் எதிரே நிற்கும் நிலைகள் இவை எனத் தெளிவாக வரையறுத்துள்ளார் பவணந்தியார். 'ஒன் த கொன்ட்ரறி' என்பது மறுத்தலின்பாற்படும். 'ஒன் தி அதர் ஹான்ட்' என்பதில் உடன்படல் உள்ளடங்கியிருக்கின்றது. பாயிரத்தைப் பரீட்சைக்காக மனனஞ்செய்யும் மாணவனுக்கு, இவை அவன் நாளை எழுதப்போகும் கடிதத்துக்கும் உரியன என்று யாம் ஒருபோதும் சொல்வதில்லை. குறை பாயிரத்தில் இல்லை. கற்பிக்கும் முறையிலேயே உள்ளது.

இக்காலத் தமிழ் உரைநடையோ 'மாறாக' என்னும் ஒரு சொல்லையே எல்லாவிடத்தும் வாரி இறைக்கின்றது. மறுப்பதற்கும் 'மாறாக', ஒப்பிடுவதற்கும் 'மாறாக', மறுபுறம் காட்டுவதற்கும் 'மாறாக'. 'ஆயினும்', 'எனினும்', 'மறுபுறம்', 'அஃதன்று' என்பனவும், பெயரின் ஈற்றில் நின்று வேற்றுமை காட்டும் ஓகாரமும் நம் கையில் இருக்க, ஒரே சொல்லால் எல்லாப் பணியையும் முடித்துக்கொள்வது, வீட்டில் உள்ள கருவிகளையெல்லாம் பூட்டிவைத்துவிட்டு அரிவாள் ஒன்றாலே மரமும் அறுத்து மண்ணும் கொத்த முயல்வதை ஒக்கும். தமிழில் இவ்வாறு பழகிய மனம் ஆங்கிலத்திலும் அவ்வாறே செய்கின்றது.

ஆகவே மாணவர்க்கு மூன்று சோதனைகளைக் கூறுவேன். மூன்றும் தமிழிலேயே செய்யத்தக்கன.

முதலாவது: இரண்டாம் வாக்கியத்தின் முன்னே 'அன்று, அது பிழை' என்று சேர்த்துப் பார்க்க. கருத்துப் பொருந்துமாயின் அது மறுப்பு. 'ஒன் த கொன்ட்ரறி' எழுதலாம்.

இரண்டாவது: அவ்விடத்தில் 'அது மெய்யே, ஆயினும் இதனையும் எண்ணுக' என்று சேர்த்துப் பார்க்க. பொருந்துமாயின் அது மறுபுறம். 'ஒன் தி அதர் ஹான்ட்' எழுதலாம்.

மூன்றாவது: இரண்டாம் வாக்கியத்தின் எழுவாய் முதல் வாக்கியத்தின் எழுவாயினின்றும் வேறாகி, அதனோடு ஓகாரம் சேர்ந்து நிற்குமோ என்று பார்க்க. 'மலைநாட்டில் தேயிலை மிகுதி. தாழ்நாட்டிலோ தென்னை மிகுதி' என்பதுபோல நிற்குமாயின் அது ஒப்பீடு. 'இன் கொன்ட்ராஸ்ட்' எழுதலாம்.

இவற்றோடு சில சிறு குறிப்புகளும் உள. 'மறுபக்கம்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'ஒன் தி அதர் சைட்' என்று எழுதுதல் ஆகாது; அது தெருவின் அப்பக்கத்தையோ ஆற்றின் அக்கரையையோ குறிக்குமேயன்றிக் கருத்தின் மறுபுறத்தைக் குறிக்காது. 'கொன்ட்ரறி' என்பதன் முன்னே 'இன்' என்று எழுதுதலும் வழு; 'ஒன்' என்பதே அங்கு வரும். அன்றியும், இவை வினையடைத் தொடர்களேயன்றி 'பட்' போன்ற இணைப்பிடைச் சொற்கள் அல்ல. ஆதலின் இரண்டு முழு வாக்கியங்களை வெறுங் காற்புள்ளியிட்டு இவற்றால் ஒட்டவைத்தல் கூடாது. முன்னே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ இட்டுப் பின்னே காற்புள்ளி இடுதல் வேண்டும்.

'கொன்வேர்ஸ்லி' என்னும் சொல்லையும் சிலர் இவற்றோடு கலந்துவிடுவர். அது கணித பாடத்திற் பயிலும் மறுதலையைக் குறிப்பது. 'மழை பெய்தால் இறப்பர்ப் பால் வெட்டு நடைபெறாது' என்பதன் மறுதலை 'பால் வெட்டு நடைபெறாவிடின் மழை பெய்தது' என்பதாகும். முன்னது உண்மையாயினும் பின்னது உண்மையாதல் வேண்டும் என்பதில்லை. விடுமுறை நாளிலும் வெட்டு நடைபெறாது. இதனைத் தோட்டத்துப் பிள்ளை எவரும் கணித ஆசிரியரினும் விரைந்து விளங்கிக்கொள்வர்.

இனி, இக்கருத்துக்கு எழக்கூடிய தடைகள் இரண்டு. 'ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரே இத்தொடர்களை மயங்க வழங்குகின்றனரே. நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு?' என்பது ஒன்று. தாய்மொழியாளன் பிழை செய்தால் அதனை அயர்ச்சி என்பர். நம் பிள்ளை அதே பிழையைச் செய்தால் அதனை அறியாமை என்பர். இது நீதியன்று. எனினும் உலகத்தின் நடை அதுவாயிருக்கும்வரை, நம் பிள்ளைகளை அதற்கு ஆயத்தஞ்செய்தல் நம் கடன்.

'தமிழாசிரியர் தமிழைக் கற்பிக்கட்டும். ஆங்கிலத்தை ஆங்கில ஆசிரியர் பார்த்துக்கொள்வார்' என்பது மற்றொன்று. ஆங்கிலச் சொற்களின் ஒலியும் எழுத்தும் ஆங்கில ஆசிரியரின் பொறுப்பு என்பதை ஒப்புகின்றேன். ஆனால் ஒரு கருத்தின் எதிரே மற்றொரு கருத்து எவ்வாறு நிற்கின்றது என்பதை அறிதல் ஆங்கிலமும் அன்று, தமிழும் அன்று, அது சிந்தனை. பிள்ளை முதன்முதற் சிந்திப்பது தன் தாய்மொழியிலேயே. அங்கே தெளிவில்லாவிடின் வேறெங்கே தெளிவு பிறக்கும்?

இவ்விரு மொழிகளையும் பகைமொழிகளாகக் கருதாத பெரியோர் வழிவந்தவர்கள் நாம். ஆறுமுக நாவலர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையில் ஆங்கிலமும் கற்று, அங்கே ஆசிரியராயிருந்து, பார்சிவல் பாதிரியாருக்கு மொழிபெயர்ப்பில் துணைபுரிந்தவர். அவரே 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவித் தமிழ் உரைநடையையும் செம்மை செய்தார். விபுலாநந்த அடிகள் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் கற்றுத் தமிழ்ப் பேராசிரியரானவர். மலையகத்திலே சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்திற் பிறந்து, 1947இல் பாராளுமன்றம் புகுந்து, தம் மக்களின் வாழ்வைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். தொழிலுக்கென்றே பிறந்தவர்களைப் பற்றிய அவரது ஆங்கில நூல் 1970இல் வெளிவந்தது. தோட்டத்து மக்களின் குரலை அம்மக்களுள் ஒருவரே ஆங்கிலத்திற் கூறக் கேட்டபோது, அதனை இடைநின்று பெயர்த்துரைக்கும் மூன்றாமவர் வேண்டப்படவில்லை. நாம் நம் மாணவரிடத்து எதிர்பார்ப்பதும் அதுவே.

எனவே சில யோசனைகளைச் சொல்லி அமைகின்றேன். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் வாரத்தில் ஒரு பாடவேளையாவது ஒருங்கே வகுப்பில் நின்று, ஒரே பந்தியை இருமொழியிலும் எழுதுவித்துத் திருத்துதல் வேண்டும். இணைப்புத் தொடர்களை வரிசையாக எழுதி மனனஞ்செய்விப்பதை நிறுத்தி, ஒவ்வொன்றையும் அது வாழும் வாக்கியத்தோடு கற்பித்தல் வேண்டும். அலுவலகங்களிலும் வங்கிகளிலும் நீதிமன்றங்களிலும் கடமையாற்றும் பழைய மாணவர்கள் ஆண்டுக்கொருமுறை வந்து, பெயர்களை நீக்கிய மெய்யான கடிதங்களை மாணவர்முன் வைத்து, எந்தச் சொல் எவ்வாறு பயன்பட்டது, எந்தச் சொல் எவ்வாறு காலை வாரியது என்று விளக்குவார்களாயின், அது கட்டட நிதிக்கு ஈந்த நன்கொடைக்குக் குறைந்த தொண்டாகாது.

விழா எடுக்குங்கால் நாம் கல்லூரியின் பெருமையைப் பேசுகின்றோம், பேசவேண்டியதே. அப்பெருமைக்கு அளவுகோல், நம் மாணவன் ஒருவன் அநீதியான ஒரு கூற்றைக் கடிதத்திற் காணும்போது, 'அது அவ்வாறன்று' என்று ஐயத்துக்கு இடமின்றி எழுத வல்லனோ என்பதேயாகும். தமிழில் அவ்வாறு எழுதப் பழகியவன் ஆங்கிலத்திலும் எழுதுவான். அப்பழக்கத்தைத் தருதல் தமிழாசிரியராகிய எம் கடமை. அதற்குத் துணைநிற்றல் பழைய மாணவராகிய உங்கள் கடமை.